போர்வைக்கு முன் ஐம்பத்து மூன்று துண்டுகள்

என் அக்கா இருபத்தாறு வருடம் நெசவு வேலை பார்த்தவள். ஆனால் அவள் நெய்த எந்தத் துணியிலும் ஒரு கைக்குழந்தைக்குச் சட்டை தைக்க முடியாது. கேலிக்குச் சொல்லவில்லை. நான் தையல்காரி, அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். திரைச்சீலைத் துணி தயாரிக்கும் மில்லில், மாடியில் இருந்த டிசைன் அறையில், மாதிரித் துண்டு நெய்வதுதான் அவள் வேலை. ஒரு சாண் அகலம், இரண்டு சாண் நீளம். நெய்து முடித்ததும் அட்டையில் ஒட்டி, நூல் என்ன, சாயம் என்ன, அங்குலத்துக்கு எத்தனை இழை, தேதி என்ன என்று அடியில் எழுதி மேஜைமேல் வைத்துவிட வேண்டும். யாராவது வந்து பார்ப்பார்கள். பிடித்துப்போனால் கீழே பெரிய மெஷினில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஓடும். பிடிக்காவிட்டால் அட்டை அலமாரிக்குப் போகும். இரண்டில் எது நடந்தது என்று அக்காவுக்குத் தெரியாது. அதற்குள் அவள் அடுத்த துண்டைத் தறியில் ஏற்றியிருப்பாள்.

ஒரு தடவை நானும் அவளும் ஒரு பாங்கில் காத்திருந்தபோது, திடீரென்று எழுந்துபோய் ஜன்னல் திரையைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள். காவலாளி ஓடிவந்தார். "இது நான் நெய்ததுங்க" என்றாள் அக்கா. அவர் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், "சரிம்மா, போய் உட்காருங்க" என்றார். நான் சிரித்த சிரிப்பில் டோக்கன் எண் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

செய்யும் வேலை ஒரு மனுஷியின் குணத்தையே மாற்றிவிடும். அக்கா வீட்டு முன்னறைச் சுவரில் ஒன்பது பெயிண்ட் திட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலால் எண். எது காலையில் நன்றாக இருக்கிறது, எது விளக்கு வெளிச்சத்தில் நன்றாக இருக்கிறது என்று ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் அடிக்கப்படவே இல்லை. அத்தானுக்கு முன்னால் வந்த வரன்கள் ஆறு. "நான் ஏழாவது துண்டு. என்னையும் அட்டையில ஒட்டித் தேதி போட்டுட்டா" என்பார் அத்தான், அவள் காதில் விழும்படியே. அவர் கடைசல் பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் இரும்பு கடைந்தவர். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். வாசல் நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து குனிந்து கூனே விழுந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. நானும் ஒண்டிக்கட்டை. இரண்டு தெரு தள்ளி என் தையல் கடை. சாயங்காலம் டீ குடிக்க அக்கா வீட்டுக்குத்தான் போவேன். அவர் என்னை "டெய்லரம்மா" என்பார். நான் அவரை வாய்க்கு வந்தபடி பேசுவேன். அந்த வீட்டில் சத்தம் போடும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது.

இருவரும் அடுத்தடுத்த வருடங்களில் ஓய்வு பெற்றார்கள். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே அத்தான் ஸ்டூலிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்ததும் விரல்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் அமுக்கினார். மூன்றாம் நாள் பந்தைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டு, பழைய பட்டறைக்குப் போய் நூல் முறுக்கிச் சுற்ற ஒரு இரும்புக் கதிர் கடைந்து கொண்டுவந்தார். சைக்கிள் சக்கரம் ஒன்றைப் பலகையில் நிறுத்தி, கயிறு மாட்டி, ராட்டை செய்துவிட்டார். வலது கை சக்கரத்தைச் சுற்றும், இடது கை பஞ்சுத் திரியை இழுக்கும். "பந்து அமுக்கினா பந்துதான் மிச்சம். இதுல நூலாவது மிச்சம்" என்றார்.

முதல் மாதம் அவர் நூற்றதை நூல் என்று சொன்னால் நூலுக்கே கோபம் வரும். இரண்டாம் மாதம் தேறியது. மூன்றாம் மாதம், அக்கா ஒரு இழையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றாள். மில்லில் இருபத்தாறு வருடம் நூல் பார்த்த கண் அது. இரும்பில் மயிரிழை கூடக் குறைய விடாத கை அவருடையது. பஞ்சிலும் அப்படியே வந்தது. நூற்ற நூலை நாற்காலி முதுகில் நூறு சுற்றுச் சுற்றி, ஒரு சிட்டமாகக் கட்டி, அடுக்கிவைக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் அவர் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன், டீ டம்ளரோடு.

"இந்தாம்மா, என் நூல்ல எனக்கு ஒரு போர்வை நெய்ஞ்சு குடு. கடைப் போர்வை கழுத்தை அறுக்குது. வேற ஒண்ணும் கேட்க மாட்டேன்."

"நெய்ஞ்சுட்டாப் போச்சு" என்றாள் அக்கா.

இந்த ஒரு போர்வைதான் கதை. வேறு எதுவும் இல்லை.

மில்லில் பழசாகிப்போன சின்னத் தறி ஒன்றை வாங்கிப் பின்னறையில் போட்டாள். இரண்டு சாண் அகலத்துக்கு மேல் அதில் நெய்ய முடியாது. மூன்று பட்டையாக நெய்து தருவது, நான் ஒட்டுத்தைத்து ஒரே போர்வையாக்குவது என்று ஏற்பாடு. நாற்பத்தைந்து சிட்டம் வேண்டும் என்று கணக்குப் போட்டாள். அத்தான் நான்கு மாதத்தில் அதை நூற்று முடித்துவிட்டார். நேராகத் தறியில் நீளவாட்டுப் பாவு இழையை ஏற்றி உட்கார்ந்திருந்தால் அந்தக் குளிருக்குள் போர்வை வந்திருக்கும்.

"எடுத்த எடுப்புல போர்வை போட முடியாது. கைநூல் எப்படி நடந்துக்கும்னு யாருக்குத் தெரியும்? முதல்ல ஒரு துண்டு போட்டுப் பார்க்கிறேன்" என்றாள்.

நியாயமான பேச்சுதான். மில் நூல் மாதிரி கைநூல் இழுத்த இழுப்புக்கு வராது. முதல் துண்டில் பாவு இழைகள் பொடுக் பொடுக்கென்று அறுந்தன. இரண்டாவதற்குக் கஞ்சி போட்டாள், நூல் விறைத்துப்போய்த் துணி தகரம் மாதிரி வந்தது. மூன்றாவதில் கஞ்சியைக் குறைத்தாள். நான்காவதில் இழையை நெருக்கினாள். ஐந்தாவதைத் துவைத்ததும் கைக்குட்டையாகச் சுருங்கிப்போனது. ஒவ்வொரு துண்டும் இரண்டு சிட்டத்தை விழுங்கும். அதில் பாதி, தறியின் முன்னும் பின்னும் முடிச்சுப் போடுவதிலேயே வீணாகும். பெரிய துணி நெய்தாலும் அதே முடிச்சுதான், அதே வீண்தான். நூறு துண்டு நெய்தால் நூறு தடவை வீண். மில்லில் நூலுக்குப் பஞ்சமில்லை, அங்கே இதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. இங்கே நூலெல்லாம் ஒரே மனுஷனின் இடது கையிலிருந்து வருகிறது என்பது அக்காவுக்கு உறைக்கவில்லை.

பிறகு சாயம் வந்து சேர்ந்தது. வெள்ளைப் போர்வை சீக்கிரம் அழுக்காகும் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ரசாயனச் சாயம் கூடாது என்று அக்கா பிடிவாதம். குளியலறை பட்டறையானது. முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறல், அப்புறம் படிகாரம், அப்புறம் சாயம். வெங்காயத் தோல், மாதுளைத் தோல், மஞ்சிட்டி வேர், அவுரி. ஹோட்டல்காரர் வெங்காயத் தோலை மூட்டை கட்டித் தந்துவிட்டு, "இவ்வளவையும் என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டாராம். துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஊறவைத்த தண்ணீரில் முக்கினால் மஞ்சள் நூல் பாசிப் பச்சையாக மாறிவிடும். அதைப் பார்த்த அன்று அக்கா ஓட்டமாக ஓடி வந்து என் கடையில் நின்றாள். ஐம்பத்தொன்பது வயதில் அவள் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்தான் ஒருநாள் அவசரத்தில் வாளி மாற்றிக் குளித்து ஒரு காது நீலமாகிவிட்டது. ஒரு வாரம் அந்தக் காதோடுதான் சுற்றினார்.

குழாய்த் தண்ணீரில் ஒரு சிவப்பு, மழைத் தண்ணீரில் ஒரு சிவப்பு. வெயிலில் காய்ந்தால் ஒன்று, நிழலில் காய்ந்தால் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அட்டை, எண், தேதி. அத்தான் நூற்றுப் போட்டுக்கொண்டே இருந்தார். குளிர்காலம் ஒன்று போனது.

"அக்கா, மனுஷன் போர்வை கேட்டாரு. நீ பல்லாங்குழி ஆடிக்கிட்டிருக்கே" என்று கத்தினேன்.

"இருடி, மஞ்சிட்டி இன்னும் சரியா பிடிக்கல."

"அவருக்குப் பிடிச்சாப் போதாதா?"

"நீ கத்திரிக்கோலைப் பிடிச்சா விடமாட்டே. எனக்கு அப்படி வேலை பார்க்க வராது" என்று எரிந்து விழுந்தாள். அத்தான் சக்கரத்தை நிறுத்தாமல், "விடு டெய்லரம்மா. போர்வை எங்க ஓடிடப்போகுது?" என்றார்.

முப்பத்தோராவது துண்டு. இந்த எண்ணை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை. மழைக்காலம். வெங்காயத் தோல் சாயம், துருத்தண்ணீர். அந்தத் துண்டில் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரே சீராக இல்லை. அங்கங்கே தடித்து, முண்டு முண்டாக, உடனே மெலிந்து, மறுபடி தடித்து வந்திருந்தது. தடித்த இடத்தில் சாயம் அதிகம் குடித்து இருண்டிருந்தது, மெலிந்த இடம் வெளிறியிருந்தது. துணி முழுக்க அலையடித்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. நானும் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "இதாண்டி துணி" என்று அக்காவையே டி போட்டுப் பேசிவிட்டேன்.

"எப்படிங்க நூத்தீங்க இதை?" என்று அவள் அத்தானிடம் கேட்டாள்.

"தானா வந்துச்சு."

"மில்லுல இந்த மாதிரி முண்டு நூல் வேணும்னு மெஷினைக் கெடுத்து நூப்பாங்க, அப்பவும் இப்படி வராது. இதே மாதிரி இன்னும் நூத்துக் குடுங்க."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "குடுத்தாப் போச்சு" என்று சிரித்தார்.

அட்டையில் அக்கா எழுதினாள்: "முண்டு நூல், புது வகை, மிக அழகு." மில்லில் அவளுக்கு மேலே இருந்த டிசைனர் அம்மா ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அந்தத் துண்டை ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "இருபத்தாறு வருஷம் நான் சொன்னதையே நெய்ஞ்சீங்க. இது உங்களோடது" என்றார். அவர் போன பிறகு அக்கா அடுக்களையில் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாட வரும் என்று நானே மறந்துபோயிருந்தேன்.

அதன்பிறகு வந்த துண்டுகள் எல்லாமே முண்டு நூல்தான். ஒவ்வொரு துண்டுக்கும் முண்டு பெரிதானது, நெருங்கி வந்தது. அக்கா ஒவ்வொன்றையும் கொண்டாடினாள். போர்வையை எந்தத் துண்டு மாதிரி நெய்வது என்று முடிவு செய்வதற்குள் அதைவிட நல்ல துண்டு வந்துவிடும். ஐம்பத்து மூன்று வந்தது. போர்வை வரவில்லை.

ஒரு காலை பத்து மணி இருக்கும். அக்கா குளியலறையில் நூல் அலசிக்கொண்டிருந்தாள். முன்னறையில் ராட்டைச் சத்தம் நின்றது. "என்னங்க, திரி தீர்ந்துடுச்சா?" என்று கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள். ஈரக்கையோடு வந்து பார்த்தபோது, பனியனோடு உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இடது கை மடியில் கிடந்தது, அவருடையது இல்லை என்பதுபோல. விரல்களுக்கு நடுவில் திரி அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். "இது பெரிய அடைப்பு. ஆனா இதுக்கு முன்னாடியே சின்னச் சின்னதா சிலது வந்து போயிருக்கு. ஒரு வருஷமா இருக்கும். அப்பவே வந்திருந்தா மருந்து குடுத்து இதைத் தடுக்கப் பார்த்திருக்கலாம். இடது கையில ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதா? நடுக்கம், பிடி விட்டுப்போறது, அந்த மாதிரி?"

"இல்லைங்க டாக்டர். நேத்துவரைக்கும் நல்லாத்தான் நூல் நூத்துக்கிட்டு இருந்தார்" என்றாள் அக்கா. சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் தேய்ந்துபோனது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அட்டைகளை எல்லாம் எடுத்துத் தரையில் தேதி வாரியாகப் பரப்பினாள். முப்பதுவரை ஒரே சீரான நூல். முப்பத்தொன்றில் ஆரம்பம். முப்பத்தெட்டில் கொஞ்சம் அதிகம். நாற்பத்து நான்கில் இன்னும். ஐம்பதுக்கு மேல் இழை இழையாகவே இல்லை, அவர் கை எந்த இடத்தில் பிடித்தது, எந்த இடத்தில் விட்டுப்போனது என்று பார்த்தாலே தெரிந்தது. அக்கா ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனாள். முப்பத்தொன்றுக்குத் திரும்பி வந்து, தான் எழுதியதை வாய்விட்டுப் படித்தாள். "மிக அழகு." அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் கையைப் பிடித்தேன். பிடிக்க முடியவில்லை. நெசவுக்காரியின் கை.

மறுநாள் அந்த அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டாள். "இதைப் பாருங்க. மருந்துக்கு உதவுமா?" என்று மேஜைமேல் வரிசையாக வைத்தாள். அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அக்கா நூலைக் காட்டி விளக்கினாள். பாடம் ஒப்பிப்பதுபோல் விளக்கினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "தேதி எல்லாம் போட்டு வச்சிருக்கீங்களேம்மா" என்றார். நல்ல மனுஷர். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால் அக்கா அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

மூன்று வாரத்தில் அத்தான் வீடு திரும்பினார். இடது கை கையாகவே இல்லை, இடது கால் பாதிதான் வேலை செய்தது. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் நாம் ஒரு வாய் டீ குடித்துவிடலாம். மிச்சம் இருந்த நூல் பதினொரு சிட்டம். வெள்ளை, சாயம் போடாதது, பாதி பழைய சீரான நூல், பாதி முண்டு நூல்.

நான் ஒருநாள் போனபோது அக்கா பின்னறையில் உட்கார்ந்து மாதிரித் துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முதல் பத்துத் துண்டுகள் பிரிந்து கிடந்தன. சாண் நீளத்துக்குத் துணுக்குத் துணுக்காக நூல். முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு ஒரு உருண்டை சுற்றியிருந்தாள்.

"என்னக்கா பண்றே?"

"இதை எல்லாம் சேர்த்தா ஒரு பட்டையாவது தேறும்."

"முடிச்சுலேயே படுக்கச் சொல்லப்போறியா அவரை? விடு அதை!" அவள் கையிலிருந்து பிடுங்கினேன். எனக்கு வந்த கோபத்தில் என்னவெல்லாமோ கத்தினேன். "ஒரு போர்வை! ரெண்டு வருஷமா ஒரே ஒரு போர்வை! இனிமேலாவது ஒரு துண்டுகூடப் போடாம, நேரா தறியில உட்காரு. வர்ற வரைக்கும் வரட்டும்."

எழுந்து தறிக்குப் போனாள். பாவுக்கு மில் நூல், ஊடைக்கு அத்தானின் நூல். கைநூலை இப்படிப் பாதியாக்கினால் பதினொரு சிட்டமும் இன்னும் கொஞ்ச தூரம் வரும். சாயம் இல்லை, சோதனை இல்லை, அட்டை இல்லை. ஆறு நாளில் மூன்று பட்டையையும் இறக்கினாள். இரண்டு வருடத்தில் முடியாத வேலை ஆறே நாள். நான் கடையைச் சாத்திவிட்டு அங்கேயே மெஷினைக் கொண்டுபோய் வைத்துத் தைத்தேன். விரித்துப் பார்த்தோம். சீரான நூல் மேல்பாதியில், முண்டு நூல் கீழ்பாதியில். நீளம் ஒரு மீட்டர், அதற்கு மேல் நான்கு விரல்.

அத்தான்மேல் போர்த்தினோம். மார்பில் ஆரம்பித்து முழங்காலோடு நின்றது. அதற்குக் கீழே எல்லாம் கடைப் போர்வைக்குள் போனது. அவர் வலது கையால் துணியைத் தடவினார். மேலிருந்து கீழ்வரை தடவி, முண்டு வரும் இடத்தில் விரலை நிறுத்தினார்.

அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தெரிஞ்சிருக்கணுங்க. நூலைப் பார்த்தா சொல்லிடுவேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். உங்க கை போறது என் கண்ணுக்கு முன்னாடி இருந்துச்சு. நான் அழகா இருக்குன்னு எழுதி வச்சேன்."

அவர் வெகுநேரம் உதட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "எனக்கு... தெரியும். அப்பவே."

"என்ன தெரியும்?"

"கை... போகுதுன்னு."

"ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ... பாடினே" என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், வெகுநேரம் விடவில்லை. நான் அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அடுத்த குளிருக்கு அத்தான் இல்லை. இரண்டாவது அடைப்பு தூக்கத்திலேயே முடித்துவிட்டது. இருந்த ஏழு மாதமும் அந்தப் போர்வையைத்தான் போர்த்திக்கொண்டார், வெயில் காலத்திலும். துவைக்க எடுத்தால் திட்டுவார்.

இப்போது நான் சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. முப்பத்தோராவது துண்டுக்கு இரண்டு வாரம் கழித்து, அத்தான் நான்கு சட்டைகளை மடித்து எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். பட்டறை நாளிலிருந்து அவர் துணியை அவரே துவைப்பார், அவரே தேய்ப்பார். எண்ணெய்க் கறை அக்கா புடவைக்கு வரக்கூடாது என்று ஆரம்பித்த பழக்கம். "டெய்லரம்மா, பட்டன் ஓட்டையை எல்லாம் தச்சு மூடிடு. பட்டன் வெளியில சும்மா அழகுக்கு இருக்கட்டும். உள்ளே அழுத்துற பட்டன் வச்சுக் குடு" என்றார். "என்ன அத்தான், வயசான காலத்துல ஸ்டைலா?" என்று கேட்டேன். "விரல் கேட்க மாட்டேங்குது. பட்டன் போடவே கால் மணி நேரம் ஆகுது" என்றார். நான் ஊசியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். டாக்டரிடம் போகலாம் என்று சொன்னேன். சொன்னேன்தான்.

"போலாம். இப்ப சொன்னா அவ தறியை மூட்டை கட்டிட்டு என்னை இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைவா. இப்பத்தான் அவ முகத்துல ஒரு இது வந்திருக்கு. போர்வை முடியட்டும், நானே சொல்றேன். இன்னும் ஒரு மாசம் ஆகுமா? நீ வாயைத் திறக்கக்கூடாது" என்றார். உலகத்தில் எல்லாவற்றுக்கும் வாயைத் திறப்பவள் நான். அதற்கு மட்டும் மூடிக்கொண்டேன். வயசானால் விரல் அப்படித்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரு மாதம் என்றார், பதினொரு மாதம் ஓடியது. அக்காவைத் தினமும் போர்வை எங்கே என்று கேட்டுச் சண்டை போட்டேன். ஏன் அவசரம் என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, "கை ஏறாது, தொளதொளன்னு வேற தச்சுத் தரேன்" என்று சொல்லி அந்த நான்கு சட்டைகளையும் அக்கா கண்ணில் படுவதற்குள் எடுத்து வந்துவிட்டேன். கடையில், அடி டிராயரில் இருக்கின்றன.

அக்கா இப்போது ஒன்றும் நெய்வதில்லை. சாயங்காலம் நான் போனால் டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். சில நாள் வேறு பேச்சு. பல நாள் இதே பேச்சு.

"ஏண்டி, நிஜமாவே அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்குமா? இல்ல, நான் அழுததைப் பார்த்து என் மனசு ஆறட்டும்னு சொன்னாரா?"

நிஜமாகத் தெரியும் என்று சொன்னால், "அவர் எனக்காகத்தான் செத்தார்" என்பாள். தெரியாது என்று சொன்னால், "நான்தான் பார்க்கத் தவறிக் கொன்றேன்" என்பாள். எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி "உனக்கு எப்படித் தெரியும்?" என்பதாகத்தான் இருக்கும்.

"தெரியலக்கா" என்கிறேன்.

"ஆமா, உன்கிட்ட போய்க் கேட்கிறேன் பாரு. உனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, என் டம்ளரையும் எடுத்துக்கொண்டு கழுவப் போகிறாள்.